தக்காளியில் வாடல்: உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது?

பாலக்கோடு தக்காளி:
முக்கால் ஏக்கர். குச்சி நட்டு, கயிறு கட்டி முடித்து, இரண்டு பறிப்புதான் எடுத்திருந்தேன். அடி இலை மஞ்சளானது. சத்துக் குறைவு என்று நினைத்துச் சொட்டுநீரில் உரம் விட்டேன். கடையில் கொடுத்த இலைத் தெளிப்பையும் அடித்தேன். மதியம் வாடும், காலையில் நிமிர்ந்துகொள்ளும். ஒரு வாரத்தில் காலையிலும் நிமிரவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து ஒரு செடியைப் பிடுங்கி, அரிவாளால் தண்டை நீளவாக்கில் பிளந்தார். தோலுக்கு அடியில் வேரிலிருந்து முழங்கால் உயரம் வரை காபித் தூள் நிறத்தில் ஒரு கோடு. "இது பியூசேரியம் தம்பி, மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பூஞ்சை. இலையில் அடித்து என்ன ஆகும்?" என்றார். காய் தொங்கிக்கொண்டே இருந்தது, உள்ளே குழாய் அடைத்துப் போயிருந்தது. இன்று வரை அந்தக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை.

ராயக்கோட்டை விவசாயி:
கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை அண்ணா. நாம் இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டுகிறோம், அவர் இலைக்கு மருந்து தருகிறார். செடியை வேரோடு கொண்டுபோக வேண்டும். என் தப்பு வேறு. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, பதினைந்து நாள் நிழலில் வைத்தேன். பச்சையாகப் பூத்திருந்தது, அவ்வளவு சந்தோஷம். நிலத்தில் போட்ட எட்டாம் நாள் நாலு செடி வாடியது. பயத்தில் வயல் முழுக்கக் கார்பன்டாசிம் என்ற பூஞ்சை மருந்தை ஊற்றிவிட்டேன். அது நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பார்க்காதே! நானே வளர்த்ததை நானே கொன்றேன்.

ஒட்டன்சத்திரம்:
இரண்டு பேரும் தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்களா? எனக்கு வந்தது பாக்டீரியா வாடல். இலை மஞ்சளாகவே இல்லை, பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிவிட்டது. வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன், கொஞ்ச நேரத்தில் பால் நூல் போல இறங்கியது. பூஞ்சையாக இருந்தால் அப்படி இறங்காது. அதற்குப் பூஞ்சை மருந்து ஊற்றுவது வீண்.

கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாடிய செடியைக் காப்பாற்ற எதுவும் இல்லை, அடுத்த பயிரைத்தான் பார்க்க வேண்டும். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் (இது நன்மை செய்யும் பாக்டீரியா). நடவுக்கு முன் ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து போடுங்கள், கூடவே வேப்பம்புண்ணாக்கு. வேரைப் பிடுங்கி முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இருந்தால் அது மண்ணில் இருக்கும் நூற்புழுவின் வேலை. அது வேரில் போட்ட காயம் இருந்தால் பூஞ்சைக்கு வேலை சுலபம், நூற்புழுவைக் குறைக்கத்தான் ஓரத்தில் செண்டுமல்லி. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். அமிலத் தன்மையுள்ள மண்ணில் பூஞ்சை வாடல் அதிகம் ஆடும், மண் பரிசோதனை செய்து தேவைப்பட்டால் சுண்ணாம்பு இடுங்கள். தக்காளிக்குப் பின் தக்காளி வேண்டாம், மூன்று நாலு வருஷம் மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள்.

உடுமலை அக்கா:
ஒட்டன்சத்திரம் தம்பி, நாலு வருஷம் மக்காச்சோளம் என்று சொல்ல வாய் வரும். எங்களுடையது அரை ஏக்கர் குத்தகை, தக்காளிதான் கைக்காசு. நிலம் மாற்ற முடியாதவர்கள் வாடலைத் தாங்கும் ரகம் கேட்டு வாங்கலாம். கத்திரி வேரில் ஒட்டுக் கட்டிய நாற்றும் வருகிறது. விலை கூடத்தான், ஆனால் மண்ணில் இருக்கும் பூஞ்சை அந்த வேரில் ஏறுவது கடினம்.

என் மனசை அரிப்பது வேறு. முதல் வருஷம் மேற்கு மூலையில் பத்துப் பன்னிரண்டு செடிதான் வாடியது. பிடுங்கி, வீணாக்க வேண்டாமே என்று எருக்குழியில் போட்டேன். அடுத்த ஆடியில் அந்த எருவை என் கையாலேயே கூடையில் சுமந்து வயல் முழுக்க இறைத்தேன். பூக்கிற நேரத்தில் எந்த மூலை என்று சொல்ல முடியாதபடி எல்லா வரிசையிலும் மஞ்சள். அந்தக் கூடையை இப்போதும் பார்க்கப் பிடிப்பதில்லை. பாலக்கோடு தம்பி, பிடுங்கிய செடிகளை என்ன செய்தீர்கள்?

பாலக்கோடு தக்காளி:
வாய்க்கால் வரப்பில் குவித்து வைத்திருக்கிறேன் அக்கா. நேற்று இரவு இங்கே மழை. பையனையும் கூப்பிட்டுக்கொண்டு இப்போதே போகிறேன். ஈரமாக இருக்கும், எரிவதற்குக் காய்ந்த ஓலை வேண்டும்.