ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் படம்?

நிலா: அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் கூடும்போது, அவா டூவெர்னே 2014இல் இயக்கிய 'செல்மா' படத்தைப் பார்க்கலாமா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் இப்போது எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் 1965இன் முதல் மூன்று மாதங்களில் நடந்ததை மட்டுமே இந்தப் படம் பெரும்பாலும் சொல்வதால், முன்கதை தெரியாதவர்களும் எளிதாகப் பின்தொடரலாம்.

வசந்தா அத்தை: தாராளமாகப் பார்க்கலாம் நிலா. என் பேரனும் உடன் இருப்பான் என்பதால் மட்டும் கேட்கிறேன்: பத்து வயதுப் பிள்ளை பார்க்கக்கூடிய படம்தானா?

நிலா: தொடக்கத்திலேயே ஒரு கடினமான காட்சி உண்டு, அத்தை. அதே அலபாமாவின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியாவதைக் காட்டுகிறார்கள். பாலத்தில் காவலர்கள் தடியடி நடத்தும் காட்சியும் நீளமானது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் பார்ப்பான் என்று நினைக்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: அந்தத் தொடக்கத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசு பெறும் காட்சியை ஒட்டியே குண்டுவெடிப்பு வருவதால், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்று தோன்றும். குண்டு வெடித்தது 1963 செப்டம்பர் 15. பரிசு வழங்கப்பட்டது 1964 டிசம்பர். இது திரைக்கதைக்காகச் செய்த சுருக்கம் என்பதால் நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனை அந்தப் படம் காட்டியிருக்கும் விதத்தை என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

நிலா: அவர் தயங்கியது உண்மைதானே, பெரியப்பா? 1964இல்தான் ஒரு பெரிய உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தார். உடனே இன்னொன்றைக் கொண்டுவர அவர் விரும்பவில்லை என்று எங்கள் பேராசிரியரும் சொன்னார்.

சுந்தரம் பெரியப்பா: தயங்கினார், மறுக்கவில்லை. தயக்கம் வேறு, பகை வேறு. ஜான்சன் தம் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்தவர். 1965 ஜனவரி 15 அன்று கிங்குடன் அவர் பேசிய பதிவை இன்று யாரும் கேட்கலாம். வாக்களிக்க விடாமல் தடுக்கும் மிக மோசமான ஓர் இடத்தைத் தேர்ந்து அதை நாடறியச் செய்யுங்கள் என்று அதில் கிங்கிடம் அவரே சொல்கிறார். படத்திலோ, அவர் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவரை அழைக்கச் சொன்ன கையோடு, கிங்கின் வீட்டுக்கு அவருடைய அந்தரங்க வாழ்வை இழிவுபடுத்தும் ஓர் ஒலிநாடா வந்து சேர்கிறது. அதை ஏவியவர் ஜான்சன்தான் என்ற எண்ணமே பார்ப்பவர் மனத்தில் தங்கும். அந்த நாடாவை எஃப்.பி.ஐ. அனுப்பியது அதற்கு முன்பே, 1964 நவம்பரில். கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963 அக்டோபரில் ஒப்புதல் அளித்தவர் அன்றைய நீதித்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடி.

வசந்தா அத்தை: அண்ணா, ஞாயிற்றுக்கிழமை படத்தை நடுநடுவே நிறுத்தி இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அருண்: பெரியப்பா சொல்வது சரிதான், ஆனால் படத்தின் பலத்தையும் சொல்ல வேண்டும். ஆனி லீ கூப்பர் என்ற கறுப்பினப் பெண் வாக்காளராகப் பதிவு செய்யச் செல்லும் காட்சி ஒன்று போதும். அரசியல் சட்டத்தின் முகவுரையை ஒப்பிக்கச் சொல்கிறார்கள்; ஒப்பிக்கிறார். அலபாமாவில் மாவட்ட நீதிபதிகள் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள், 67 என்கிறார். அத்தனை பேரின் பெயரையும் சொல் என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை மறுத்து முத்திரை குத்துகிறார்கள். செல்மா இருக்கும் டல்லஸ் மாவட்டத்தில், வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர்தான் அப்போது பதிவு பெற்றிருந்தார்கள். அந்த எண்ணிக்கை எப்படி உருவாக்கப்பட்டது என்பது அந்த ஒரு காட்சியில் புரிந்துவிடும்.

இருந்தாலும், என்னிடம் கேட்டால், 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' ஆவணத் தொடரில் செல்மாவைப் பற்றிய பகுதியையும் அதே நாளில் பார்க்க வேண்டும் என்பேன். 1987இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளியான ஆறு பகுதிகளில் அதுவே கடைசி; ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. தொடரை உருவாக்கிய ஹென்றி ஹாம்ப்டன் 1965இல் செல்மா ஊர்வலத்தில் தாமே நடந்தவர். வல்லுநர்களை உட்கார வைத்துக் கருத்துச் சொல்ல வைக்காமல், களத்தில் இருந்தவர்களையே பேச வைத்தார். அடிபட்டவர்கள் மட்டுமல்ல, அன்றைய செல்மா மேயர் ஜோசப் ஸ்மிதர்மனும் டல்லஸ் மாவட்டக் காவல் தலைவர் (ஷெரிப்) ஜிம் கிளார்க்கும்கூடத் தங்கள் தரப்பைச் சொல்கிறார்கள்.

நிலா: அருண் அண்ணா, ஆவணப்படம் இருந்தால் கிங்கின் பேச்சையும் அவர் குரலிலேயே கேட்கலாம் அல்லவா? 'செல்மா' படத்தில் அவர் பேசுபவை எவையும் அவருடைய உண்மையான உரைகளோடு பொருந்தவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

அருண்: பொருந்தாததற்குக் காரணம் உண்டு. கிங்கின் உரைகளுக்கான பதிப்புரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது. அவற்றைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமையை, ஸ்பீல்பெர்க் தயாரிப்பதாக இருந்த வேறொரு படத்துக்காக, டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2009இலேயே பெற்றுவிட்டது. ஆகவே, டூவெர்னே உரைகளின் கருத்தையும் தாளத்தையும் பின்பற்றித் தாமே புதிதாக எழுதினார். கிங்கைப் பற்றிய படத்தில் கிங்கின் சொற்கள் இல்லை. ஆனாலும் கிங்காக நடித்த டேவிட் ஒயலோவோ பேசும்போது அந்தக் குறை தெரியவில்லை என்பதே என் எண்ணம்.

சுந்தரம் பெரியப்பா: ஆவணத் தொடருக்கு நேர்ந்ததையும் சொல், அருண். அது இன்னும் மோசம்.

அருண்: ஆமாம், பெரியப்பா. தொலைக்காட்சி நிறுவனங்களின் செய்திப்படங்கள், புகைப்படங்கள், பாடல்கள் என ஒவ்வொன்றுக்கும் உரிமத் தொகை கட்டித்தான் அந்தத் தொடரை எடுத்தார்கள். கையில் பணம் குறைவாக இருந்ததால், பலவற்றைச் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வாங்க முடிந்தது. 1990களின் நடுவில் உரிமங்கள் காலாவதியாகிவிட, தொடரை ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிய படிகளை விற்கவும் முடியவில்லை. பள்ளிகளும் நூலகங்களும் தேய்ந்துபோன பழைய வீடியோ நாடாக்களையே நம்பியிருந்தன. ஹாம்ப்டன் 1998இல் காலமானார். ஃபோர்டு அறக்கட்டளை உள்ளிட்டோர் நிதி கொடுத்து உரிமங்களைப் புதுப்பித்த பின்னர், 2006இல்தான் மீண்டும் ஒளிபரப்பானது.

வசந்தா அத்தை: தெருவில் நின்று அடிவாங்கியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமென்றால், படம் பிடித்தவனுக்குக் காசு கட்ட வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? இதைக் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா: எரிச்சல் நியாயம்தான், வசந்தா. ஆனால் படம் பிடித்தவர்கள் அங்கே இல்லாதிருந்தால் சட்டமே வந்திருக்குமா என்பதையும் நினைத்துப் பார். மார்ச் 7 அன்று ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் ஏறத்தாழ 600 பேரை அழைத்துக்கொண்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது, மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். அன்றிரவு ஏபிசி தொலைக்காட்சி, நாஜிகள் மீதான விசாரணையைப் பற்றிய 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதை இடையில் நிறுத்திவிட்டுச் செல்மா காட்சிகளைக் காட்டியது. எட்டு நாள் கழித்து ஜான்சன் நாடாளுமன்றத்தின் முன் நின்று வாக்குரிமைச் சட்டம் கேட்டார். ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்திட்டார். ஆவணத் தொடரில் நாம் பார்க்கப்போவதும் அன்று எடுக்கப்பட்ட செய்திப்படங்களைத்தான்.

நிலா: அப்படியானால் எதை முதலில் பார்ப்பது? கற்பனை கலந்ததை முதலில் பார்த்தால், அதுவே மனத்தில் பதிந்துவிடாதா?

அருண்: நான் ஆவணப்படத்தை முதலில் வைப்பேன். ஒரு மணி நேரம்தான். கிங் வருவதற்கு முன்பே, 1963 முதல், மாணவர் அமைப்பினர் அந்த ஊரில் வேலை செய்தார்கள்; அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்க்காரர்கள் அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே பாடுபட்டார்கள். 'செல்மா' படம் மாணவர்களைக் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகக் காட்டிவிடுகிறது; அது எனக்கு ஜான்சன் விவகாரத்தைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. மறுபுறம், கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் தனியறையில் பேசிக்கொள்ளும் காட்சியை எந்த ஆவணப்படமும் தர முடியாது. காட்சிகளுக்கு நடுவே எஃப்.பி.ஐ. உளவுக் குறிப்புகளைத் திரையில் எழுத்தாகக் காட்டியிருப்பதும் நல்ல உத்தி. அந்த வீட்டை யாரோ எப்போதும் கவனித்துக்கொண்டிருப்பது நமக்கு மறப்பதே இல்லை.

வசந்தா அத்தை: சரி, நான்கு மணிக்கு ஆவணப்படம், சிற்றுண்டிக்குப் பிறகு திரைப்படம். பேரனுக்கு இன்றே கதையைச் சொல்லி வைக்கிறேன். அந்தப் பாலத்துக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று அவன் கட்டாயம் கேட்பான்.

சுந்தரம் பெரியப்பா: எட்மண்ட் பெட்டஸ், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி, பின்னாளில் செனட் உறுப்பினர். பாலம் 1940இல் திறக்கப்பட்டது. பெயரை மாற்ற வேண்டும் என்று பலமுறை குரல் எழுந்திருக்கிறது. ஆனால் 40 ஆண்டுகளுக்கு மேல் பழமையான நினைவுச் சின்னங்களின் பெயரை மாற்றுவதை அலபாமா 2017இல் சட்டமியற்றித் தடுத்துவிட்டது.

நிலா: அந்தப் பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸே பெயரை மாற்ற வேண்டாம் என்று 2015இல் எழுதியிருக்கிறார், பெரியப்பா. பெயரை அழித்தால் நடந்ததும் மறந்துபோகும் என்பது அவர் வாதம்.

சுந்தரம் பெரியப்பா: அதில் எனக்கு உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை, படம் முடிந்த பிறகு பேசுவோம். நடுவில் நிறுத்த மாட்டேன்.