பி.டி.எஸ்.டி.க்குத் தமிழ்ச்சொல்: ‘மன அழுத்தம்’ ஏன் பொருந்தாது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

போர்முனை கண்ட படையினரின் பி.டி.எஸ்.டி. (PTSD: கொடிய நிகழ்வுக்குப் பிறகு நீடிக்கும் மனநலக் கோளாறு) பற்றிய மருத்துவக் கட்டுரையைத் தமிழாக்கும்போது முதல் சொல்லே இடறுகிறது. நாளிதழ்களில் வழங்கும் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ இங்கே உதவாது. ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையுமே நாம் ‘மன அழுத்தம்’ என்று எழுதிவருகிறோம்.

யாஃபே குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா (நினைவும் சிந்தனைத் திறனும் குன்றும் நோய்) இல்லாத, 55 வயதும் அதற்கு மேலுமான அமெரிக்க முன்னாள் படையினர் 1,81,093 பேர், அவர்களில் பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள் 53,155. ஏழாண்டுக் காலத்தில் டிமென்ஷியா வந்தது இவர்களில் 10.6%, மற்றவர்களில் 6.6%. தலைக்காயம், போதைப் பழக்கம், டிப்ரஷன் உள்ளவர்களைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு ஏறத்தாழ அப்படியே இருந்தது. நடப்புச் சொல்லை வைத்துப் பெயர்த்தால், ‘மன அழுத்தம் உள்ளவர்களை நீக்கிய பின்னும் மன அழுத்தம் உள்ளவர்களுக்கு...’ என்று வாக்கியம் குழம்பும். ஆய்வின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

என் முன்மொழிவு: டிப்ரஷன் – மனச்சோர்வு, ஸ்ட்ரெஸ் – நெருக்கீடு, பி.டி.எஸ்.டி. – அதிர்ச்சிப் பின்னெருக்கீடு.

* * *

வணக்கம் ஐயா.

நெருக்கீடு இலங்கையில் எங்களுக்குப் பழகிய சொல், மகிழ்ச்சி. ஆனால் பின் + நெருக்கீடு புணர்ந்து ‘பின்னெருக்கீடு’ ஆனதும் கண் ‘எருக்கு’ என்று பிரிக்கிறது. சொல்லைப் பார்த்தவுடன் பொருள் தெரியவேண்டாமா?

‘பின்’ காலத்தையும் சரியாகக் காட்டவில்லை. நிகழ்வு நடந்து மூன்று நாள் முதல் ஒரு மாதம் வரையுள்ள நிலைக்கு வேறு நோய்ப்பெயர் (அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்) இருக்கிறது. அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டித் தொடர்ந்தால்தான் பி.டி.எஸ்.டி. ஆகவே முன்னதை ‘உடன்நெருக்கீடு’ என்றும் பின்னதைத் ‘தொடர்நெருக்கீடு’ என்றும் இணைச்சொற்களாக வைக்கலாம்.

‘அதிர்ச்சி’யை மட்டும் தனியே விடாதீர்கள். தலையில் அடிபட்டு வரும் ‘மூளையதிர்ச்சி’யோடு மயங்கும். இந்த மயக்கம் பழையது: 1915-இல் பிரிட்டிஷ் படை மருத்துவர் மயர்ஸ் ‘ஷெல் ஷாக்’ (குண்டதிர்ச்சி) என்று எழுதிய காலத்தில், குண்டு வெடித்த அதிர்வு உடலைத் தாக்கியதா உள்ளத்தைத் தாக்கியதா என்பதே பெரிய வழக்கு. குண்டுவெடிப்பில் சிக்கிய படையினருக்கு இரண்டுமே இருக்கலாம் என்பதால் சொற்கள் பிரிந்தே நிற்கவேண்டும். எங்கள் உளமருத்துவ எழுத்துகளில் ‘ட்ராமா’வுக்கு ‘மனவடு’ நன்றாக வேரூன்றியிருக்கிறது. மனவடுத் தொடர்நெருக்கீடு என்றால் என்ன?

* * *

மனவடுவை ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) நூல்களில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் அம்மா. மூளை அமைப்பு பற்றிய கட்டுரையில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. படிப்பவர் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வடுவைத் தேடுவார். ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப்பகுதி) சிறியதாக இருக்கிறது என்றதும் அதுதான் வடு என்று முடிவுகட்டுவார்.

பிரெம்னர் குழு 1995-இல் வியட்நாம் போரில் இருந்தவர்களை அளந்தது. பி.டி.எஸ்.டி. உள்ள 26 பேரின் வலப்பக்க ஹிப்போகேம்பஸ், ஒப்பீட்டுக் குழுவினரதைவிட 8% சிறியது. போர் அதைச் சுருக்கிவிட்டது என்றுதான் பலரும் படித்தார்கள். 2002-இல் கில்பர்ட்சன் குழு ஒருகரு இரட்டையர்களை எடுத்துக்கொண்டது: ஒருவர் போர்முனைக்குப் போனவர், உடன்பிறந்தவர் போகாதவர். போனவருக்குக் கடுமையான பி.டி.எஸ்.டி. இருந்த இணைகளில், போர்முனையே காணாத சகோதரனுக்கும் ஹிப்போகேம்பஸ் சிறியதாகவே இருந்தது. சிறிய அளவு முன்பே இருந்து, நோய்க்கு இடம்கொடுத்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

ஆகவே ‘ஹிப்போகேம்பஸ் சுருக்கம்’ என்று எழுதுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். சுருக்கம் என்றால் முன்பு பெரிதாக இருந்தது என்று பொருள். அதைச் சொல்ல, அதே ஆளுக்கு ஆண்டுகள் இடைவெளியில் இரண்டு படங்களாவது வேண்டும். ஒரே படத்தில் அளந்தது ‘கன அளவுக் குறைவு’ மட்டுமே (இலங்கையில் ‘கனவளவு’). அதுவும் மண்டையோட்டின் உட்கொள்ளளவுக்கும் வயதுக்கும் ஈடுசெய்த பிறகு. பெரிய தலைக்குப் பெரிய ஹிப்போகேம்பஸ் இருப்பது இயல்பு. குடிப்பழக்கமும் இந்த அளவைக் குறைத்துக் காட்டும். ‘சுருக்கம்’ என்ற சொல்லை, ஆண்டுக்காண்டு அளவு குறைவதை அளந்து காட்டும் அல்சைமர் ஆய்வுகளுக்கு விட்டுவைப்போம். இரண்டு செய்தியும் ஒரே கட்டுரையில் வரும்போது இந்த வேறுபாடு கட்டாயம் தேவை.

ஹிப்போகேம்பஸைத் தமிழாக்க வேண்டுமானால் ‘கடற்குதிரை மடிப்பு’ எனலாம். 16-ஆம் நூற்றாண்டில் அரான்சியோ அந்த உருவத்தைப் பார்த்துத்தான் பெயரிட்டார்.

* * *

இருவருக்கும் நன்றி. ‘வடு’வுக்கு எதிரான வாதத்தை ஏற்கிறேன். ‘உள அதிர்ச்சித் தொடர்நெருக்கீடு’ என்று முதன்முறை முழுதாக எழுதி, போர்முனை சார்ந்ததைக் ‘களமுனைத் தொடர்நெருக்கீடு’ எனச் சுருக்கலாம். வெறும் ‘போர்’ என்றால் குண்டுவீச்சில் சிக்கிய பொதுமக்களும் அடங்குவர். அவர்களைப் பற்றிய முடிவுகள் வேறு.

இதே கவனம் ‘இடர்க்காரணி’க்கும் (ரிஸ்க் ஃபேக்டர்) தேவை. காரணி என்றதும் காரணம் என்று காதில் விழுகிறது. இந்த ஆய்வுகள் காட்டுவது தொடர்பை, ‘இடர்க்குறி’ என்பேன். டிமென்ஷியாவுக்கு ‘முதுமை மறதி’யும் சரிவராது: மறதியும் கவனச்சிதறலும் தொடர்நெருக்கீட்டிலேயே உண்டு. ‘அறிதிறன் தேய்வு’ பொருந்துமா?

யாஃபே ஆய்வை வைத்து, பதிவுக்கான எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘பிற காரணங்களுக்கு ஈடுசெய்த பின், தொடர்நெருக்கீடு உள்ள முன்னாள் படையினரிடம் அறிதிறன் தேய்வு தோன்றும் வீதம் மற்றவர்களினும் 1.77 மடங்கு.’ இதை ‘77% பேருக்கு வரும்’ என்று எவரும் திருத்திவிடாதபடி, 10.6, 6.6 என்ற இரு விழுக்காடுகளையும் பக்கத்திலேயே அச்சிடவேண்டும்.

* * *

தேய்வு வேண்டாம் ஐயா. எங்கள் பக்கம் எலும்பு, மூட்டு நோய்களுக்கு அந்தச் சொல் போய்விட்டது. ‘அறிதிறன் இழப்பு’ என்று திருத்தினால் பட்டியலில் சேர்க்க எனக்கு உடன்பாடு.