ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கு எந்த பேக்கேஜ் மேனேஜர்? அடிபட்டவர்கள் சொல்லுங்கள்

தறிநாடா:

வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து பழைய பில்லிங் திட்டம் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. நிரல் அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் நிரலைச் சேமிக்கும் ஒரே களஞ்சியத்துக்குள் என்பிஎம்மின் லாக் கோப்பும் இருந்தது, யார்னின் லாக் கோப்பும் இருந்தது. இரண்டுமே நூலகங்களை, அதாவது பேக்கேஜ்களை, இறக்கி நிறுவும் மேனேஜர்கள்; எந்த நூலகம் எந்தப் பதிப்பில் என்று பூட்டிவைப்பது லாக் கோப்பு. முன்பு வேலை பார்த்தவர்களில் சிலர் அதையும் சிலர் இதையும் ஓட்டியிருக்கிறார்கள். தேதிகளைக் கையாளும் நூலகம் ஒவ்வொரு கோப்பிலும் வெவ்வேறு பதிப்பில் பூட்டப்பட்டிருந்தது. விளைவு, மாதக் கடைசி நாளில் போடும் பில் சர்வரில் மட்டும் அடுத்த மாதத்துக்குத் தாவியது. எங்கள் யாருடைய மடிக்கணினியிலும் அந்தப் பிழை தலைகாட்டவே இல்லை. காரணம் பிடிபடும்வரை எல்லாரும் நேர மண்டலத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது அதை அடியிலிருந்து எழுதப்போகிறோம். இனி ஒரே மேனேஜர்தான் என்பதில் குழுவுக்குள் சண்டை இல்லை, எது என்பதில்தான் சண்டை. வேக ஒப்பீட்டு அட்டவணைகள் வேண்டாம், அவற்றைப் பார்த்துச் சலித்துவிட்டது. வேலையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

பழைய முனையம்:

என்பிஎம்மே போதும் என்பவன் நான். இதைச் சொன்னால் இளையவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் என்பிஎம் 2 காலத்தைப் பார்க்கவில்லை. அப்போது ஒரு நூலகத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று கோப்புறைகள் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். விண்டோஸில் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கோப்புறையை அழிக்கக்கூட முடியாது. 2015இல் மூன்றாம் பதிப்பு வந்து எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்பி வைத்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. வேறொன்று முளைத்தது, அதைப் பிறகு வருபவர் யாராவது சொல்வார்.

2016 அக்டோபரில் ஃபேஸ்புக் யார்னை வெளியிட்டபோது நாங்களும் தாவினோம். லாக் கோப்பு என்பதையே அங்கேதான் முறையாகக் கண்டோம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் என்பிஎம் 5 தனக்கென ஒரு லாக் கோப்புடன் வந்தது. தொடக்கத்தில் அது நம்பத்தக்கதாக இல்லை. நிறுவினாலே கோப்பு மாறும், பரிசீலனைக்கு ஆயிரம் வரி வந்து நிற்கும். 2018இல் ‘என்பிஎம் சிஐ’ கட்டளை வந்த பிறகுதான் நிம்மதி. பழைய கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு, லாக் கோப்பில் உள்ளதை மட்டும் அப்படியே நிறுவும். தேவையான நூலகங்களை நாம் எழுதிவைக்கும் பட்டியலும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். யார்னை நாடிப்போன காரணங்கள் எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடை நிறுவினால் என்பிஎம் கூடவே வருகிறது, புதிதாகச் சேருபவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

சில்வண்டு:

லாக் கோப்பு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் விவகாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரல், அவ்வளவுதான். பெயர் உரிமைத் தகராறில் அதை எழுதியவர் தன் பேக்கேஜ்கள் அனைத்தையும், எல்லாரும் இறக்கிக்கொள்ளும் என்பிஎம்மின் பொதுப் பதிவகத்திலிருந்து நீக்கிவிட்டார். அதைப் பயன்படுத்திய பேபல் என்ற நிரல் மாற்றும் கருவியை நம்பியிருந்த திட்டங்கள் உலகெங்கும் நின்றுபோயின. அன்று பதிப்பைப் பூட்டி வைத்திருந்தாலும் பயனில்லை, பூட்டிய பொருளே அங்கு இல்லையே. அதன் பின்னர்தான் வெளியிட்டதை இஷ்டப்படி நீக்க முடியாதவாறு விதியை இறுக்கினார்கள். எங்கள் அலுவலகத்தில் அன்றிலிருந்து இடையில் ஒரு சொந்தப் பதிவகம் ஓடுகிறது. மேனேஜர் எதுவானாலும் அது ஓடும்.

மொட்டைமாடி:

பழைய முனையம் சார் விட்டுவைத்ததை நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்பியதால், நாம் பட்டியலில் எழுதாத நூலகத்தையும் நிரலில் அழைக்க முடிகிறது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பதைப் போன்றது அது. அவர்கள் வீடு மாறும்வரை ஒன்றும் தெரியாது. எங்கள் பெரிய களஞ்சியத்தை பிஎன்பிஎம் என்ற இன்னொரு மேனேஜருக்கு மாற்றிய அன்று பாதிச் செயலிகள் எழவில்லை. ஆளாளுக்கு பிஎன்பிஎம்மைக் குறை சொன்னார்கள். ஒவ்வொரு பிழையாகத் திறந்து பார்த்தால், அத்தனையும் எங்கள் பட்டியலில் இல்லாத பேக்கேஜ்கள். நாம் பட்டியலில் எழுதியதை மட்டுமே பிஎன்பிஎம் கண்ணில் காட்டும், மற்றவற்றை உள்கோப்புறையில் ஒதுக்கி வைத்துவிடும். விடுபட்டவற்றைப் பட்டியலில் சேர்த்ததும் எல்லாம் ஓடின. ஒரு பெரிய நூலகத்தின் அடுத்த பதிப்பு தான் நம்பியிருந்த இன்னொரு நூலகத்தை (சார்பை) கைவிட்டபோது எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் குழு அந்த வாரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது.

வட்டு இடமும் மிச்சம். ஒரே பதிப்பு எத்தனை திட்டங்களில் இருந்தாலும் வட்டில் ஒரு பொதுக் கிடங்கில் ஒருமுறைதான் கிடக்கும், மற்றவை அதற்கான ஹார்ட் லிங்க்குகள், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர். கிடங்கும் திட்டமும் வேறு வேறு வட்டில் இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது, நகலெடுக்கத் தொடங்கிவிடும்.

எறும்புத்தின்னி:

மொபைல் செயலி எழுதுபவர்கள் கவனிக்க. மொபைல் செயலிக் கட்டமைப்பான ரியாக்ட் நேட்டிவில், நிரலைத் தொகுக்கும் மெட்ரோவின் பழைய பதிப்புகளுக்கு, பிஎன்பிஎம் வைக்கும் சிம்லிங்க் (வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) ஒத்துவராது. பிஎன்பிஎம்மில் ‘நோட்-லிங்கர்’ அமைப்பை ‘ஹாய்ஸ்டட்’ (என்பிஎம் போல எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்புவது) என்று மாற்றித்தான் ஓட்டினோம். அப்படி மாற்றியதும் மேலே மொட்டைமாடி புகழ்ந்த கண்டிப்பு காணாமல் போகிறது. அதற்கு என்பிஎம்மிலேயே இருந்திருக்கலாமே என்று எங்கள் தலைவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

யார்னின் பிளக்-அன்-பிளே? நூலகக் கோப்புறையே இல்லாமல் ஓடும் அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். எடிட்டருக்கு அதைப் புரியவைப்பது பிடிக்காது.

கருந்திரை:

நீங்கள் பேசாத பக்கம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற பேக்கேஜ்களைப் பராமரிப்பவர் ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாந்து, அவற்றில் நச்சு நிரல் புகுந்தது. சில நாள்களில் ஷாய்-ஹுலுத் என்ற புழு வந்தது. நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் வழியாக, கணக்குக்குள் நுழையும் சாவிகளான டோக்கன்களைத் திருடி, அவற்றைக் கொண்டே அடுத்தவர் பேக்கேஜ்களில் தன்னைப் பரப்பிக்கொண்டது. நான் பிஎன்பிஎம் பக்கம் வந்தது வேகத்துக்காக அல்ல, இதற்காகத்தான். பத்தாம் பதிப்பிலிருந்து சார்புகளின் நிறுவல் ஸ்கிரிப்ட்களை நம் அனுமதியின்றி அது ஓட்டுவதில்லை. வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத பதிப்பைத் தொடாதே என்றும் கட்டளையிடலாம். நச்சுப் பதிப்புகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் பிடிபட்டுவிடுகின்றன. ஒரு நாள் பொறுத்து எடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

இதற்கும் விலை உண்டு. பத்தாம் பதிப்புக்கு ஏறியதும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 என்ற தரவுத்தள நூலகம் திறக்கவில்லை, ஏனென்றால் அதற்கான நேட்டிவ் கோப்பைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. ‘அப்ரூவ்-பில்ட்ஸ்’ கட்டளையில் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தோம்.

பன் என்ற இன்னொரு கருவியின் பக்கமும் போய்ப் பார்த்தேன், அதுவும் சார்புகளின் ஸ்கிரிப்ட் விஷயத்தில் கறார்தான். ஆனால் அதன் லாக் கோப்பு முதலில் பைனரியாக இருந்தது. என்ன மாறியது என்று கண்ணால் படிக்க முடியாத கோப்பைப் பரிசீலனையில் எப்படி ஏற்பது? 1.2 பதிப்பில் அதை உரைக்கோப்பாக மாற்றிவிட்டார்கள். எங்கள் சிறிய கருவிகளில் இப்போது பன்தான்.

தறிநாடா:

அப்படியென்றால் பிஎன்பிஎம் பக்கம் சாய்கிறேன். எல்லாரும் மேனேஜரின் ஒரே பதிப்பை ஓட்டுவதற்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் கோர்பேக் கருவியைப் போடலாமா?

சில்வண்டு:

நோட் 25 முதல் அது கூடவே வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். 2025 தொடக்கத்தில் பதிவகத்தின் கையொப்பச் சாவி மாறியபோது பழைய கோர்பேக் இருந்த பில்டுகள் பல படுத்தன. பேக்கேஜ் கோப்பில் ‘பேக்கேஜ்மேனேஜர்’ என்ற வரியில் பதிப்பை எழுதிவிடுங்கள்; பிஎன்பிஎம் 10 அதைப் படித்துத் தானே அந்தப் பதிப்புக்கு மாறிக்கொள்ளும்.

மொட்டைமாடி:

இன்னொன்று. பழைய லாக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவாதீர்கள், எல்லாப் பதிப்புகளும் ஒரே நாளில் நகர்ந்துவிடும். சர்வரில் எந்த லாக் கோப்பு ஓடுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நீக்கிவிட்டு, ‘பிஎன்பிஎம் இம்போர்ட்’ கொடுங்கள். பூட்டிய பதிப்புகள் அப்படியே புதிய கோப்புக்கு வந்துவிடும். ஏற்றம் எல்லாம் அதற்கு அப்புறம், ஒவ்வொன்றாக.