எட்டுச் சொல்லுக்கும் ‘உறுதி’யே போதுமா?

வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டு நீங்கள் அனுப்பிய கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். ஸ்ட்ராங், ஹார்ட், ஸ்டிஃப், டஃப், ரெசிலியன்ட், டியூரபிள், ரோபஸ்ட், ஸ்டர்டி என்று எட்டு ஆங்கிலச் சொற்கள். எதிரே ஐந்து இடத்தில் ‘உறுதியான’, இரண்டு இடத்தில் ‘வலுவான’, மிச்சம் ஒன்றில் கேள்விக்குறி. குறை சொல்ல வரவில்லை, நானும் இதைச் செய்தவன்தான். ஒரு கருவிக் கையேட்டை மொழிபெயர்த்தபோது கைப்பிடி, முனை, உறை மூன்றுக்கும் ‘உறுதியான’ என்றே போட்டுக்கொண்டு போனேன். படித்துப் பார்த்த பட்டறைக்காரர் ஒருவர், “முனை உறுதின்னா என்ன அர்த்தம்? தேயாதா, ஒடியாதா?” என்று கேட்டார். மூலத்தைப் புரட்டினால் ஹார்ட் என்று இருந்தது. தேயாது என்றுதான் பொருள். ஒடியாது என்று மூலம் வாக்குக் கொடுக்கவே இல்லை.

அவர் கேட்ட விதத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலுவைச் சொல்லும் பெயரடைகள் தமிழில் கொஞ்சம்தான், அவையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு பொருள் கெட்டுப்போகும் விதத்தைச் சொல்ல எத்தனை வினைகள்! குச்சி ஒடியும், உத்தரம் முறியும், கண்ணாடி நொறுங்கும், கயிறு அறும், துணி கிழியும், தகரம் நசுங்கும், கம்பி வளையும், செருப்பு தேயும். எந்தப் பொருளுக்கு எந்த வினை என்பதில் குழந்தைகூடத் தடுமாறாது. ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அகராதிக்கு ஓடாமல், இது எப்படிக் கெடாது என்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுவோம்.

ஸ்ட்ராங்கில் சிக்கலே இல்லை. எவ்வளவு பாரம் ஏற்றினால் முறியும் அல்லது நிரந்தரமாக உருக்குலையும் என்ற அளவு அது. ‘வலிமை’ போதும். மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்கிற குறள் வலியறிதல் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அச்சு தாங்கும் பாரத்தை வலியோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நமக்குப் பழையது.

ஹார்ட் என்பது மேற்பரப்பின் சங்கதி. கீறல் விழுமா, அழுத்தினால் குழி விழுமா என்பதே கேள்வி. 1812-இல் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் டால்க் என்ற மிருதுவான கனிமம் 1, வைரம் 10. ஒன்று மற்றொன்றைக் கீறுமா என்று பார்த்து வரிசைப்படுத்தியது, அவ்வளவுதான். இதற்குக் ‘கடினம்’ இருக்கட்டும். கடினமான தேர்வு, கடினமான வேலை என்று வேறு பொருளிலும் வருகிறதே என்று ஒருவர் தயங்கினார். ஹார்டுக்கும் அதே வியாதி உண்டு. அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள், நாமும் சமாளிப்போம். ‘வன்மை’ எனக்கு ஒட்டவில்லை. வன்பொருளில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, மற்ற இடங்களில் வன்முறை, வன்சொல் என்று கையை ஓங்குகிறது. ‘உரம்’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் உரமான கான்கிரீட் என்று எழுதினால் எருப் போட்டதா என்று கேட்பார்கள்.

ஸ்டிஃபுக்கு ‘விறைப்பு’. எளிதில் வளைந்து கொடுக்காத தன்மை. இதை வலிமையோடு கலப்பதால்தான் பாதிக் குழப்பம். விறைப்பை அளக்கும் எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர், எண் ஏற ஏற வளைப்பது கடினம். அது எஃகுக்குச் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. சாதாரணக் கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதே 70. கண்ணாடிக் கம்பியும் அதே பருமனுள்ள அலுமினியக் கம்பியும் லேசான பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். இரண்டையும் கல்தரையில் போட்டுப் பாருங்கள், ஒன்றைப் பெருக்கித்தான் அள்ள வேண்டும். இரண்டுக்கும் ‘உறுதியான’ என்று போட்டால் வாசகருக்கு என்ன கிடைக்கும்?

இனி டஃப். கேள்விக்குறி போட்டிருந்தது இதற்குத்தான், போட வேண்டியதும்தான். உடைவதற்கு முன் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொள்ளும் என்பது இதன் பொருள். சார்பி சோதனையில் ஊசலில் கட்டிய சுத்தியலைத் தூக்கி விடுவார்கள். அது காடி வெட்டிய துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு உயரம் குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு ஆற்றலைத் துண்டு உறிஞ்சியிருக்கிறது. வைரத்தைக் கீறுவது பெரும்பாடு, ஆனால் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிளந்து சிதறும். அரமும் அப்படியே. இரும்பைத் தேய்க்கிற அளவுக்குக் கடினம், ஆனால் அதை நெம்புகோலாக்கி மூடியைத் திறக்கப் பார்த்தால் பட்டென்று ஒடிந்துவிடும் (இது சொந்த அனுபவம், அரம் மட்டும் என்னுடையதல்ல). கடினமான பொருள் டஃபாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல நேரம் ஒன்று ஏற மற்றது இறங்கும்.

‘முரட்டு’ என்று ஒரு யோசனை வந்தது. முரட்டுத்துணி என்றால் சொரசொரப்பு, முரட்டு ஆள் என்றால் குணம். எரிபொருள், பொறி என்று வரும் பக்கத்தில் இந்த வாசனை வேண்டாம். ‘திண்மை’யைத் திண்மம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. என் பரிந்துரை ‘அடிதாங்கும்’. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் அடிதாங்குதிறன். கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள் இடிதாங்கியையும் சுமைதாங்கியையும் நினைத்துப் பார்க்கட்டும். இடியையும் சுமையையும் தாங்குகிற மொழி அடியைத் தாங்காதா? “இது அடி தாங்கும்” என்று பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்வது வழக்கத்தில் இருக்கும் பேச்சு. சோதனையும் சொல்லுக்கு ஏற்றாற்போல அடிதான்.

ரெசிலியன்டில் இரண்டு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். பொருளறிவியலில் அது, மீட்சி எல்லைக்குள் (விட்டால் பழைய வடிவுக்கே திரும்பும் அளவுக்குள்) ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு விட்டதும் திருப்பிக் கொடுப்பது, சுருள்வில்லின் குணம். லத்தீன் வேரும் துள்ளித் திரும்புவதுதான். 1973-இல் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் தம் துறையில் இதைக் கையாண்டபோது, எவ்வளவு இடையூறை உள்வாங்கியும் ஓர் அமைப்பு குலையாமல் நிலைக்கிறது என்ற பொருளில் சொன்னார். இப்போது நகரம், வலையமைப்பு, மனம் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே கட்டி அழ வேண்டியதில்லை. வில்லுக்கு ‘மீள்’ போதும், பள்ளிப் பாடத்தின் மீட்சியோடு உறவும் இருக்கும். விழுந்த அமைப்பு எழுந்து நிற்பதற்கு ‘மீண்டெழும்’.

டியூரபிளுக்கு ‘நீடித்து உழைக்கும்’ என்று விளம்பரக்காரர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். அருமையான சொல். பொருளை உழைக்க வைத்த மொழி இது! மாற்றவே வேண்டாம்.

பக்கத்திலேயே என்டூரன்ஸ் இருக்கிறது, திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தைத் தாங்குவது. பட்டியலில் இல்லை என்றாலும் விடக்கூடாது. ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கில் ஒன்றும் ஆகாது. பத்துப் பதினைந்து மடக்கில் அந்த இடம் லேசாகச் சுடும், அப்புறம் சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும். ஒருமுறை தாங்கிய பாரத்தையே திரும்பத் திரும்பத் தாங்க முடியாமல் கம்பி சளைத்துப் போயிற்று. எஃகில் ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை இலட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் முறியாது. அலுமினியத்தில் அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அந்த எல்லையைச் ‘சளையா வரம்பு’ என்று சொல்லலாமா? சளைக்காமல் ஓடினான் என்று மனிதரைச் சொல்லும் அதே சொல் உலோகத்துக்கும் பொருந்திவிடுகிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை (‘வாடாத’ என்பது கடைசி எழுத்தை இழந்து ‘வாடா’ என்று நிற்பதை) இலக்கணத் தேர்வோடு மறந்துவிட்டோம். வாடா, அழியா, சளையா என்று இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் கலைச்சொல் தருகிற அச்சு அது.

ஆனால் அந்த அச்சை எல்லாவற்றுக்கும் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘நொறுங்காமை’ என்று வைத்தால், ஒருக்காலும் நொறுங்காது என்ற சத்தியம் போலிருக்கும், அளந்து எண் சொல்ல இடம் இருக்காது. துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கிறது என்று வருத்தப்பட்டவர்களை எல்லோருக்கும் தெரியும். அதனால் அளக்கிறவற்றுக்கு வலிமை, கடினம், விறைப்பு, அடிதாங்குதிறன் என்று நேர்ச்சொல்லே இருக்கட்டும்.

ரோபஸ்டின் லத்தீன் வேர் ஓக் மரம். அதைக் கேட்டதும் நமக்கு ‘வைரம் பாய்ந்த’ என்று நாக்கில் ஊறும், எனக்கும் ஊறியது. ஆனால் வைரம் என்றதும் மரத்தின் நடுவே இறுகிய சேகை நினைப்பவர் இன்று எத்தனை பேர்? கல்தான் நினைவுக்கு வரும். அந்தக் கல்தான் அடி தாங்காதே. தவிர, இந்தச் சொல் இன்று அதிகம் புழங்குவது புள்ளியியலிலும் நிரலாக்கத்திலும். 1953-இல் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் தம் துறைக்குக் கொண்டுவந்தார். நாம் கொண்ட அனுமானம் கொஞ்சம் பிசகினாலும் முறை பிசகக்கூடாது என்பது கருத்து. ஒரே ஒரு தப்பான எண் வந்தால் சராசரி ஆடிப்போகும், எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு கண்டுகொள்ளாது. இதை ‘அசராத’ என்று சொல்லிப் பாருங்கள். அசராத அளவு, அசராத நிரல். வயது கேட்ட கட்டத்தில் யாரோ பெயரைத் தட்டினாலும் அசராமல் அடுத்த வேலையைப் பார்க்கும் நிரல். விழுந்து எழுந்தால் மீண்டெழும், விழவே இல்லையென்றால் அசராத. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்டர்டிக்கு மட்டும் தனிச்சொல் தேட எனக்கு மனமில்லை. அதை எந்தக் கருவியாலும் யாரும் அளப்பதில்லை. கையேட்டில் ஸ்டர்டி மேசை என்று வந்தால் ‘ஆடாத மேசை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.