வயதுக்கேற்ற கார் என்று ஒன்று உண்டா? அப்பா போலோ ஜிடிஐ வாங்க விரும்புகிறார்

கேள்வி: சாட்ஸ்வொர்த் மகள் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 67 வயது; பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் டொயோட்டா கொரோலாவைத் தவிர வேறு வண்டி நின்றதில்லை. இப்போது அவர் தம் சொந்தச் சேமிப்பில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ என்ற, சிறிய ஆனால் வேகமான காரை வாங்க விரும்புகிறார். இதைக் கேட்டதும் அண்ணன், அத்தை, கோயிலில் பழகியவர்கள் என எல்லோரும் ஒரே குரலில், "அது பையன்கள் ஓட்டும் வண்டி, இந்த வயதில் எதற்கு?" என்கிறார்கள். விற்பனை நிலையத்திற்குச் சென்றபோது, அப்பா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்தவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். வாங்கப்போவது அப்பாதான் என்று தெரிந்தவுடன், இருக்கை உயரமாக உள்ள வேறொரு காரின் பக்கம் எங்களை அழைத்துச் சென்றுவிட்டார். அப்பா அதன்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பழைய கொரோலா என் அண்ணன் மகனுக்குச் செல்லவிருக்கிறது. அவனுக்கு 21 வயது. அதை இப்போதே அவன் நண்பர்கள் "தாத்தா வண்டி" என்று அழைப்பதால் அவனுக்கும் மனமில்லை. இந்த எண்ணங்களுக்குப் பின்னால் பாதுகாப்பு சார்ந்த உண்மையான காரணம் ஏதேனும் உண்டா, அல்லது பழக்கத்தால் சொல்லப்படுவனவா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: மாரிட்ஸ்பர்க் பட்டறைக்காரர்

தங்கச்சி, நான் நெடுங்காலம் வண்டி பழுது பார்த்தவன் என்பதால் நம் மக்களிடையே எந்தக் கார் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் டொயோட்டா கிரெஸிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அது வசதி பெற்ற குடும்பத் தலைவரின் கார். திருமணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் துடைத்து மெருகேற்றி எடுத்துச் செல்லும் கார். அதே வண்டிகள் பழையதாகி விலை இறங்கியபோது இளைஞர்கள் வாங்கினார்கள். பின்சக்கர இயக்கமும் எளிதில் பிரித்துச் சேர்க்கக்கூடிய எஞ்சினும் அவர்களுக்குப் பிடித்துப்போக, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, ஒலிபெருக்கி பொருத்தி, அதைப் பையன்களின் வண்டியாகவே மாற்றிவிட்டார்கள். பிரிட்டோரியா அருகிலுள்ள ராஸ்லின் தொழிற்சாலையில் தயாரான பழைய பிஎம்டபிள்யூ 3 வரிசைக்கும் இதே கதைதான்: மருத்துவரும் வழக்கறிஞரும் ஓட்டிய கார், பிறகு டவுன்ஷிப் (நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பு) இளைஞர்கள் "குஷேஷே" என்று பெயரிட்டுக் கொண்டாடும் காராயிற்று. அடிப்படையில் கார் அதேதான். அதன் விலைதான் மாறியது.

ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபையும் நினைத்துப் பாருங்கள். 1984 முதல் 2009 வரை நம் நாட்டில் தயாரான அந்தக் கார் மாணவர்களின் கார் என்று பெயர் பெற்றதற்கு, மிகக் குறைந்த விலையில் கிடைத்த புதுக் கார்களுள் அது ஒன்று என்பதே முதற்காரணம். பணம் சேர்ந்த பிறகு விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ள ஒருவர் நினைக்கும்போது அவர் தலை நரைத்திருப்பது இயல்பு. உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு இளமையில் வேகமான கார் பிடிக்காமல் இருந்தது என்று யார் சொன்னது? பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் முன்னே நின்றது, அவ்வளவுதான். அந்த மனிதரைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பதில் 2: கார் விற்பனையில் இருப்பவர், உம்ஷ்லாங்கா

விற்பனை நிலையத்தில் நடந்தது எங்கள் தொழிலுக்கே அவமானம். வாடிக்கையாளரின் வயதைக் கார் நிறுவனங்களே பலமுறை தவறாகக் கணித்திருக்கின்றன. அமெரிக்காவில் ஹோண்டா நிறுவனம் 2003 வாக்கில் எலிமென்ட் என்ற பெட்டி வடிவக் காரை, கடற்கரைக்கும் மலைக்கும் செல்லும் இளைஞர்களுக்கென்றே வடிவமைத்து வெளியிட்டது. அதன் அகன்ற கதவும் தட்டையான தளமும் ஏறி இறங்க வசதியாக இருந்ததால் வயதில் மூத்தவர்களே பெருமளவில் வாங்கினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனமோ 1988இல் "இது உங்கள் தந்தையின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல" என்று விளம்பரம் செய்தது. பழைய வாடிக்கையாளர்களின் மனம் நொந்தது, எதிர்பார்த்த இளைஞர்களும் வரவில்லை. 2004இல் அந்தப் பெயரே மறைந்தது. ஹோண்டா ஜாஸ் பிரிட்டனில் ஓய்வுபெற்றவர்களின் கார் என்று பேசப்படுகிறது. இங்கே டர்பனில் அதே காரைக் கல்லூரி மாணவிகளும் இளம் தாய்மார்களும் ஓட்டுகிறார்கள்.

அப்பாவை வேறொரு நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள், அக்கா. அவரே பேசட்டும், அவரே ஓட்டிப் பார்க்கட்டும்.

பதில் 3: பீனிக்ஸ், காப்பீட்டுத் துறை

வயது பற்றிய எண்ணங்கள் அனைத்தும் வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். ஓட்டும் தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், புதிதாக உரிமம் பெற்ற இளைஞர்களே அதிகமாக விபத்தில் சிக்குகிறார்கள். நடுவயதில் அந்த வாய்ப்பு தாழ்ந்து, எழுபதைக் கடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் உயரத் தொடங்குகிறது. முதியோர் விபத்தில் இறப்பது கூடுவதற்கு, அவர்கள் மோசமாக ஓட்டுவதைவிட, அதே அடியை அவர்கள் உடல் தாங்காமல் போவது பெரிய காரணம். ஆகவே ஏர்பேக்கும் தானியங்கி பிரேக்கும் உள்ள புதிய கார் ஒரு மூத்தவருக்குப் பழைய காரைவிட நல்லது. 67 வயதில், விபத்துக் கோரிக்கை இல்லாத நீண்ட வரலாற்றோடு வருபவரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மகிழ்ச்சியோடுதான் பேசும். ஜிடிஐயின் பிரீமியம் கூடுதலாக இருந்தால், அதற்குக் காரணம் காரின் விலையும், போலோ வண்டிகள் அதிகம் திருடப்படுவதும்தான். டிராக்கர் (திருடுபோன வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் கருவி) பொருத்தச் சொல்வார்கள், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் அண்ணன் மகனைப் பற்றியது. நம் குடும்பங்களில் பையன் ஓட்டும் காரைத் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ காப்பீடு செய்து, அந்தப் பெரியவரையே வழக்கமான ஓட்டுநர் என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பிரீமியம் குறையும் என்பது உண்மை. ஆனால் விபத்து நேர்ந்து, அன்றாடம் ஓட்டியவன் பேரன் என்று தெரியவந்தால் கோரிக்கையை நிறுவனம் முழுவதுமாக மறுக்க முடியும், எதிர் வண்டிக்கான செலவும் குடும்பத்தின் தலையில் விழும். அரசின் சாலை விபத்து நிதி உடற்காயத்திற்கு மட்டுமே பொறுப்பேற்கும், வண்டிச் சேதத்திற்கு ஏற்காது. அவனையே வழக்கமான ஓட்டுநராக அறிவித்து, 25 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று கூடுதல் எக்ஸஸ் (இழப்பீடு கோரும்போது நாமே ஏற்க வேண்டிய தொகை) உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "தாத்தா வண்டி" என்று கேலி பேசப்படும் அந்தக் கொரோலா, அளவான வேகமும் மலிவான உதிரிபாகங்களும் கொண்டது. 21 வயதில் அதைவிடப் பொருத்தமான கார் கிடைப்பது அரிது.

பதில் 4: டோங்காட், பிசியோதெரபிஸ்ட்

உடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழங்கால் அல்லது இடுப்பில் வலி உள்ளவருக்கு இருக்கை மிகத் தாழ்ந்தால் எழுவது சிரமம், மிக உயர்ந்தால் ஏறுவது சிரமம். தொடை மட்டத்தில் இருக்கை அமைவதே எளிது. இது ஐம்பது வயதில் தேவைப்படுவோரும் உண்டு, எண்பதிலும் தேவைப்படாதோரும் உண்டு. அப்பா காரில் உட்கார்ந்து, கதவைப் பிடிக்காமல் நான்கைந்து முறை எழுந்து பார்க்கட்டும். கழுத்தைத் திருப்பிப் பின்புறம் முழுவதும் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். ஜிடிஐ டயர்களின் பக்கச்சுவர் உயரம் குறைந்தது என்பதால் நம் மாகாணத்துக் குண்டுகுழிச் சாலைகளில் முதுகுக்கு அதிர்வு கூடும். கடை வாசலைச் சுற்றிவிட்டு முடிவு செய்யாமல், அவர் அன்றாடம் போகும் சாலையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். உரிம அட்டையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது செய்யும் கண் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல், இரவுப் பார்வையையும் கண்புரையையும் ஆண்டுதோறும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது அவசியம். எந்தக் காரை வாங்கினாலும் இது பொருந்தும்.

சாட்ஸ்வொர்த் மகள்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முதுகு அதிர்வைப் பற்றிய பகுதியை இருமுறை கேட்டார். டயர் அளவு வேறாக உள்ள ஜிடிஐ கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் மகனின் காப்பீட்டை அவன் பெயரிலேயே எடுப்பதற்கான விலைப்புள்ளிகளை இந்த வாரம் கேட்கிறோம். உம்ஷ்லாங்காத் தம்பி, உங்கள் நிலையத்தில் எங்கள் சாட்ஸ்வொர்த்தின் ஹிகின்சன் நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்க்க அனுமதிப்பீர்களா?