நீலகிரி கட்டபெட்டு அக்கம்பக்கம் குழு: மீட்டில் படித்த டாக்டர்கள்

தருண்: கலெக்டர் மழை லீவு விட்டும் எங்கள் மெடிக்கல் காலேஜுக்கு லீவு இல்லை. அனாடமி, ஃபிசியாலஜி இரண்டும் கூகுள் மீட்டில். கம்பளிக்குள் இருந்தே முடித்துவிட்டேன். வருஷம் முழுக்க இப்படியே வைத்தால் என்ன?

மேல்வீட்டு அத்தை: கண்ணு, கம்பளிக்குள் படித்த டாக்டரிடம் நான் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன்.

தருண்: பவி அக்கா கொரோனாவில் அப்படித்தானே படித்தார்? அவரிடம்தானே பிரஷர் பார்த்துக்கொள்கிறீர்கள்?

மேல்வீட்டு அத்தை: அது வேறு.

பவி: என்னை ஏன் இழுக்கிறாய் தம்பி? சரி, சொல்கிறேன். நாங்கள் 2019ல் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊட்டியில் அப்போது மருத்துவக் கல்லூரியே கிடையாது, 2022 ஜனவரியில்தான் திறந்தது. மலைப் பிள்ளைகள் எல்லாரும் கீழே படித்தவர்கள்தான், பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலே வந்தோம். முதலில் எனக்கும் உன்னை மாதிரி ஜாலியாகத்தான் இருந்தது. தியரிக்கு ஆன்லைன் நல்லது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். செல்லுக்குள் சக்தி உண்டாகும் கிரெப்ஸ் சுழற்சியை ரெக்கார்டிங்கில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஹாலில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட சாட்டில் சந்தேகம் கேட்டார்கள்.

தருண்: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

பவி: பொறு. அடுத்தது வார்டு போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் படிப்பது. அதையும் மீட்டில் வைத்தார்கள். இதய வால்வு சுருங்கும் மைட்ரல் ஸ்டெனோசிஸில் கேட்கும் மர்மர் ரொம்பத் தாழ்ந்த உறுமல். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெத்தின் கிண்ணம் மாதிரி இருக்கும் பெல் பக்கத்தை அழுத்தாமல் வைத்தால்தான் கேட்கும். போன் ஸ்பீக்கரில் அது எங்கே வரும்? போதாக்குறைக்கு, இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஆப் வேறு சத்தத்தை வெட்டும். மேடம் "கேட்கிறதா?" என்பார். எல்லாரும் "யெஸ் மேடம்". ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

தருண்: ஐயோ.

பவி: அப்புறம் பெர்கஷன், அதாவது தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது. இடது கை நடுவிரலை நெஞ்சில் பதித்து, வலது நடுவிரலால் தட்ட வேண்டும். கிடைத்த நெஞ்சு கீழ்வீட்டுப் பெரியப்பாவுடையது.

கீழ்வீட்டுப் பெரியப்பா: நியூஸ் பார்க்க உட்கார்ந்தால் போதும், சட்டையைக் கழற்றுங்கள் என்று வந்து நிற்பாள்.

பவி: பெரியப்பா தயவில் ஈரலின் மேல் விளிம்பு பிடிபட்டது. வலது பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில் சத்தம் மந்தமாகும். ஆனால் அவருடையது நல்ல நெஞ்சு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவரைத் தட்டும்போது கல்லைத் தட்டுவது போல இருக்கும், காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கல்லூரி திறந்து வார்டுக்குள் போன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. எங்கள் பேட்சில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாடத்துக்கு மீட் போதும், படுக்கைப் பக்கம் நிற்க மீட் உதவாது.

செல்வம்: அக்கா, பாடத்துக்கு மீட் போதும் என்பதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் 2020 பேட்ச். மெடிக்கல் சீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் வருஷம். சேர்ந்து கொஞ்ச நாளில் இரண்டாம் அலை, திரும்ப எஸ்டேட் லைன் வீடு. வீட்டில் ஒரே போன், அதில்தான் தங்கச்சிக்கும் ஸ்கூல். நீங்கள் ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள், எனக்கு ஒரு தடவை பார்ப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வகுப்பில் என்றால் பக்கத்தில் இருப்பவனிடம் "டேய், என்னடா சொன்னார்?" என்று மெதுவாகக் கேட்டுவிடுவேன். மீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பவி: வாஸ்தவம். எனக்கு வீட்டில் தனி ரூம், வைஃபை எல்லாம் இருந்தது.

செல்வம்: காற்றுக்கு சில்வர் ஓக் கிளை ஒயர் மேல் விழுந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக் காட்டு மேட்டுக்கு ஓடுவேன். அதற்குள் ஆப்சென்ட். லாகின் போட்டுவிட்டுத் தூங்கினவன் பிரசன்ட். தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேண்டும், பயத்திலேயே பாதி உயிர் போகும். இதில் நான் தினமும் மேட்டில் நின்று எந்தப் பெண்ணோடோ பேசுகிறேன் என்று யாரோ அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியுமா அத்தை?

மேல்வீட்டு அத்தை: எனக்கு எப்படித் தெரியும்? பால் பொங்குகிறது, வருகிறேன்.

கீழ்வீட்டுப் பெரியப்பா: ஹா ஹா ஹா

தருண்: சரி, தியரி மட்டும் ஆன்லைன், மற்றதெல்லாம் நேரில். இது ஓகேவா?

செல்வம்: ரெக்கார்டிங்கைக் குறைந்த டேட்டாவில் இறக்கிக்கொள்ள விட்டால் ஓகே. நேரலையில் வந்தே ஆக வேண்டும் என்றால் என்னை மாதிரி பையன் மறுபடியும் மேட்டில்தான்.

பவி: இன்றைக்கு அனாடமியில் என்ன எடுத்தார்கள்?

தருண்: பிரேக்கியல் பிளெக்சஸ், கைக்குப் போகும் நரம்புப் பின்னல். கலர் படம் போட்டு சூப்பராக விளக்கினார். நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம்.

பவி: டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் இடத்தில், மஞ்சளும் கிடையாது, நீலமும் கிடையாது. ஃபார்மலினில் ஊறி எல்லாம் ஒரே பழுப்பு. எது நரம்பு, எது ரத்தக்குழாய் என்று ஃபோர்செப்ஸால் தூக்கி, விரலால் உருட்டித்தான் பார்க்க வேண்டும். எங்களுக்குத் தலை, கழுத்து மொத்தமும் வீடியோவிலேயே போய்விட்டது. சர்ஜரி போஸ்டிங்கில் தைராய்டு கேஸ் வந்தபோதெல்லாம் அட்லஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழை விட்டதும் முதல் ஆளாக டேபிள் பக்கத்தில் போய் நில்.

தருண்: சரிக்கா. பெர்கஷன் இப்போதே சொல்லித் தருவீர்களா?

பவி: ஞாயிற்றுக்கிழமை வா. செல்வம், நீயும் வா. பெரியப்பா, நெஞ்சு கிடைக்குமா?

கீழ்வீட்டுப் பெரியப்பா: வரட்டும். ஸ்டெத்தை மட்டும் அடுப்புப் பக்கம் காட்டிச் சூடு பண்ணிக்கொண்டு வரச் சொல். ஐஸை வைத்த மாதிரி வைக்கிறீர்கள்.