யமஹா ஆர்15 பைக்கில் ஃபுல் எக்ஸாஸ்ட் மாற்றிய பிறகு பட் பட் சத்தம், பிக்கிபேக் போடலாமா?

குடந்தை_155:
வண்டி ஆர்15 வி3, பிஎஸ்6, 22,000 கிலோமீட்டர். போன மாதம் என்ஜினில் மாட்டும் ஹெடர் பைப்போடு சேர்த்து எக்ஸாஸ்ட் ஃபுல் சிஸ்டம் மாற்றினேன். அந்தப் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் மாட்ட இடமே இல்லை, அதனால் மாட்டிக் கொடுத்தவர் சென்சாரைக் கழற்றிவிட்டு வயருக்கு டேப் சுற்றி உள்ளே செருகிவிட்டார். அன்றிலிருந்து மீட்டரில் என்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. 4000-லிருந்து 6000 ஆர்பிஎம் வரை இழுவையே இல்லை, திருவையாறு ரோட்டில் மினி பஸ்ஸை முந்தப் போய் பாதியில் பின்வாங்கினேன், மானம் போச்சு. பெட்ரோல் அளவை மாற்றும் பிக்கிபேக் பெட்டி போடலாமா, என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவில் இருக்கும் கணக்கையே மாற்றி ரீமேப் செய்யலாமா?

காவிரிக்கரை_மெக்கானிக்:
தம்பி, பிக்கிபேக் அப்புறம். காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி சிலிண்டர் ஹெட்டில் ஹெடர் சேரும் இடத்தில் பிடித்துப் பார். புகை வெட்டி வெட்டி அலைந்தால் அங்கே லீக். ஆக்சிலரேட்டரை விடும்போது அந்த இடுக்கில் காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் பைப்புக்குள்ளேயே எரிகிறது, அதுதான் உன் பட் பட். இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், ஒரு தடவை நசுங்கினது மறுபடி சரியாக அடைக்காது. அடுத்து அந்த சென்சார். அது இல்லாவிட்டால் ஈசியூ குருட்டுக் கணக்கில் பெட்ரோல் விடும். ஹெடரில் ஓட்டை போட்டு நட் வைத்து வெல்டிங் செய்து மாட்டு. பைப்பை வண்டியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் வெல்டிங், இதில் சோம்பேறித்தனம் வேண்டாம், வெல்டிங் கரண்டில் ஈசியூ போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

மன்னை_ரைடர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் சென்சார் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற கலவைக்கு மேலா கீழா என்று மட்டும்தான் சொல்லும், சீராகப் போகும்போது அது போதும். முழுசாக முறுக்கினால் ஈசியூ அதன் பேச்சைக் கேட்காது, அங்கே கிட்டத்தட்ட 13-க்கு 1 வேண்டும், அதற்குத்தான் பிக்கிபேக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும். கலவையை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளக்காமல் யாரோ இணையத்தில் போட்ட பெட்ரோல் அளவு மேப்பை ஏற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. இப்போது பங்கில் 20% எத்தனால் கலந்த இ20 வேறு, எத்தனாலுக்குப் பெட்ரோலை விட அதிக எரிபொருள் தேவை, ஏற்கனவே லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும் வண்டி இன்னும் லீனாகும்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப் போடுகிறார்கள், என் ஃபில்டரைத் தட்டியபோது கைப்பிடி பதர் கொட்டியது. இன்னொன்று, வால்வு திறப்பை மாற்றும் விவிஏ 7400 ஆர்பிஎம்முக்கு மேல்தான் மாறும், நம் ஊர் ரோட்டில் எத்தனை தடவை அங்கே போகிறீர்கள்? 18.6 குதிரையில் அரைக் குதிரை கூடினால் தெரியவா போகிறது, சத்தம்தான் தெரியும். போலீசுக்கும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம்.

குடந்தை_155:
ஊதுபத்திப் புகை வெட்டியது, அதுவும் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். புது கேஸ்கெட் போட்டு, நட் வெல்டிங் வைத்து சென்சாரையும் மாட்டிவிட்டேன். விளக்கு அணைந்துவிட்டது, வெடிப்பு எப்போதாவது ஒன்று. 4500 பக்கம் இன்னும் கொஞ்சம் சோம்பல் இருக்கிறது. பிக்கிபேக் இப்போதைக்கு வாங்கவில்லை. பழைய சைலன்சரை அக்கா மகன் தன் வண்டிக்குக் கேட்டான், கொடுக்கவில்லை, பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.